ஆர்டர் போடு, போன் போடு, சண்டை போடு: இங்கிலீஷில் எதற்கு எந்த வினை?

ஆர்டர், சாம்பிள், பேமென்ட், டெட்லைன் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டெய்லர் முதல் முதலாளி வரை நாள் முழுக்கப் புழங்கும் வார்த்தைகள்தான். பையருக்கு மெயில் எழுத உட்காரும்போதுதான், அந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எந்த வினையைப் போடுவது என்று கை நின்றுவிடுகிறது. இப்படி வழக்கத்தில் ஜோடியாக வரும் சொற்களைக் கொலோகேஷன் என்பார்கள். ஏன் அந்த ஜோடி என்று கேட்டால் பெரும்பாலும் காரணம் கிடைக்காது, பழக்கம்தான்.

முதலில் இங்கிலீஷை விட்டுவிட்டு ஒரு தமிழ் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் 'போடு'தான் சரியான தொடக்கம், ஏனென்றால் நாம் எதையும் போட்டுவிடுகிற ஆட்கள். ஏனுங்க, ஒரு போன் போடுங்க என்றால் மேக் எ கால். ஆர்டர் போடுவது பிளேஸ் அன் ஆர்டர், கணக்குப் போடுவது டூ சம்ஸ், சண்டை போட்டால் ஹேவ் எ ஃபைட், திட்டம் போட்டால் மேக் எ பிளான். கையெழுத்துக்கு ஜோடியே தேவையில்லை, வெறும் சைன் போதும். ஒரே போடு, இங்கிலீஷில் இத்தனையாகப் பிரிகிறது. அதனால் எல்லாவற்றுக்கும் புட் என்று எழுதினால் பையர் குழம்பத்தான் செய்வார்.

அடுத்து, இரண்டு மொழியும் ஒத்துப்போகும் இடங்களைத் தனியாக எழுதி வையுங்கள், அதில் உழைப்பே இல்லை. போட்டோ எடுப்பது டேக் எ போட்டோ. கவனம் செலுத்துவது பே அட்டென்ஷன், நாம் வரி செலுத்துகிற அதே செலுத்து. முடிவு எடுப்பதற்கு பிரிட்டனில் டேக் எ டிசிஷன் என்றும் சொல்வார்கள், ஆனால் மேக் என்று எழுதினால் எந்த ஊரிலும் செல்லும்.

ஒத்துப்போகாதவைதான் ஆளைக் கவிழ்க்கும். மாத்திரையை நாம் சாப்பிடுகிறோம், அங்கே டேக் எ டேப்லட். கனவைக் காண்கிறோம், அங்கே ஹேவ் எ ட்ரீம். பரீட்சை எழுதுவது டேக் அன் எக்ஸாம், பொய் சொல்வது டெல் எ லை; இதில் சே வரவே வராது.

மேக், டூ இரண்டுக்கும் ஒரு தோராயமான வழி உண்டு. புதிதாக ஒன்று உருவானால் மேக், டீ போடுவது போல. வேலையைச் செய்து முடிப்பது டூ, ஹோம்வொர்க், துணி துவைப்பது, வியாபாரம் செய்வது எல்லாம் இதில் வரும். ஆனால் தப்பு செய்வது மேக் எ மிஸ்டேக், உதவி செய்வது டூ எ ஃபேவர் என்பதை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு வழியில்லை.

சந்தேகம் வந்தால் கொலோகேஷன் அகராதியில் வினையைத் தேடாமல் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அகராதியில் டெட்லைன் என்று பார்த்தால் மீட், மிஸ், எக்ஸ்டெண்ட் எல்லாம் அதன் கீழேயே இருக்கும். பார்த்ததும் உங்கள் வேலையிலிருந்தே ஒரு வாக்கியம் எழுதுங்கள், ஷிப்மென்டோ ஈரோட்டு மஞ்சள் விலையோ எதுவானாலும் சரி. அடுத்தவர் எழுதிய உதாரணம் இரண்டு நாளில் மறந்துபோகும்.

இப்போது நீங்களே மூன்று 'போடு' செய்து பாருங்கள்: ஊசி போடு, கோலம் போடு, பந்தல் போடு. விடை அதே வரிசையில் கிவ், ட்ரா, புட் அப்.