அருங்காட்சியகம் வாங்கிய பழம்பொருளுக்குக் கணக்குக் கேட்பது எப்படி?

யூஃப்ரோனியோஸ் தீட்டிய கிரேக்க மதுக்கலயத்தை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972-இல் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. லெபனான் வியாபாரி குடும்பத்திடம் 1920-லிருந்தே இருந்ததாகத் தாள் காட்டினார்கள். உண்மையில் இத்தாலியில் செர்வெத்தெரி அருகே கல்லறையைத் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தது. 2008-இல் இத்தாலிக்குத் திரும்பிப் போனது. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கிய, நம் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரையும் 1972 தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே வெளிநாடு போனவராகத்தான் தாள் காட்டியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994-இல் எடுத்த படத்தில் சாமி கோயிலிலேயே இருந்தார். 2014-இல் ஆஸ்திரேலியா திருப்பித் தந்தது.

ஆகவே பொருளின் பெருமையை விட்டுவிட்டு, அது கைமாறிய தாளைக் கேளுங்கள்.

சேர்வராயன் மலையில் கிடைத்த வழவழப்பான கற்கோடரி ஒன்று சேலம் அரசு அருங்காட்சியகத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலைக்கிராமங்களில் இப்படிப்பட்ட கல்லை மரத்தடியில் சாமியாக வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அதனால் யார் கொடுத்தார்கள், விலைக்கா இனாமா என்பது சின்ன விஷயமில்லை. முதலில் நேரில் போய் விவர அட்டையில் உள்ள பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். பொருளின் அடியிலோ பின்புறமோ பெயிண்டில் பொடியாக ஓர் எண் எழுதியிருந்தால் அதுதான் பதிவேட்டு எண். கண்ணில் படாவிட்டால் அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியரிடம் கேட்கலாம்.

பிறகு தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் வெள்ளைத்தாளில் மனு. ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று முகவரியிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். கேட்க வேண்டியவை: அந்த எண்ணுக்குரிய அக்ஸெஷன் ரிஜிஸ்டர் (வந்து சேர்ந்த பொருள்களைப் பதியும் பதிவேடு) பக்கம், விலை நிர்ணயித்த குறிப்பு, பணம் கொடுத்த வவுச்சர், விற்றவர் வியாபாரியானால் அவருடைய தொல்பொருள் வணிக உரிமம். புதையலாக வந்திருந்தால் கலெக்டர் அலுவலகக் கடித நகலையும் சேர்த்துக் கேளுங்கள்; 1878 புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.

பெரும்பாலான மனுக்கள் கவிழ்வது இங்கேதான்: “ஏன் வாங்கினீர்கள்?” என்று எழுதிவிடுகிறார்கள். விளக்கம் தர அலுவலருக்குக் கடமையில்லை. கோப்பில் இருப்பதைத்தான் தருவார். “சான்றிட்ட நகல் தரவும்” என்று எழுதுங்கள். பத்து வருடக் கொள்முதல் மொத்தத்தையும் கேட்டால், ஆள்பலம் போதாது என்று பிரிவு 7(9)-ஐக் காட்டுவார்கள். ஒரு மனுவுக்கு ஒரு பொருள் போதும். பழைய ரிஜிஸ்டரில் அடித்தல் திருத்தல் நகலில் சரியாகத் தெரியாது என்பதால், பிரிவு 2(j)-படி நேரில் பார்வையிடவும் அதே மனுவில் கேளுங்கள். மை மாறிய இடம், பின்னால் நுழைத்த வரி எல்லாம் அங்கேதான் கண்ணில் படும்.

மனுவை நேரில் கொடுத்தால் நகலில் தேதியுடன் சீல் வாங்குங்கள். பதில் தருவதற்கான கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். கோப்பு சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருந்தால் 5 நாளில் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். “ஆவணம் கிடைக்கவில்லை” என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். மேல்முறையீட்டில் முதலில் இணைக்க வேண்டிய தாள் அதுதான்.