துருவேறி இறுகிய போல்ட்டைக் கழற்றும் முறை

கிணற்றடி பம்புசெட்டின் ஃபிளாஞ்சில் (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தட்டில்) துருவேறி இறுகிய போல்ட்டை எடுத்த எடுப்பில் முறுக்கினால், தலை மழுங்கும் அல்லது கழுத்தோடு ஒடியும். இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைப்பதால் மரைகளுக்கிடையே இருந்த இடைவெளி முழுவதும் நிரம்பிவிடுகிறது. ஆகவே கம்பி பிரஷ்ஷால் வெளித்துருவைத் தேய்த்து நீக்கிய பின், நட்டும் மரையும் சேரும் விளிம்பில் ஊடுருவும் எண்ணெயை (சிறு இடுக்கிலும் புகும் மெல்லிய எண்ணெயை) விட்டு, போல்ட்டின் தலையைச் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். தட்டும்போது துருவில் விழும் நுண்ணிய விரிசல்களின் வழியேதான் எண்ணெய் உள்ளே இறங்குகிறது என்பதால், இதைத் தவிர்க்கவே கூடாது.

மாலையில் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவிடுவது நல்லது. மறுநாள் அளவு சரியான ரிங் ஸ்பேனரால் சற்று இறுக்கி, பின்பு தளர்த்தி, மாறி மாறி அசைத்துக் கழற்றவும். எண்ணெய் ஈரம் இருக்கையில், சூடாக்கித் தளர்த்த நினைத்துத் தீச்சுவாலை காட்டுவது ஆபத்து.