ஷட்டர் சேனலை விட்டு வெளியே வந்துவிட்டதா? முதலில் செய்யக்கூடாதவை

சிங்கப்பூரில் கதவு வைத்த கராஜ் அபூர்வம். தரைவீடுகளில்கூடக் கார் பெரும்பாலும் திறந்த போர்ட்டிகோவில்தான் நிற்கும். இங்கே சேனல் என்னும் பக்கவாட்டுத் தடத்தை விட்டு விலகித் தொல்லை கொடுப்பது கடை ஷட்டர். சிராங்கூன் சாலைக் கடைவீடானாலும் சரி, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளக் கடையானாலும் சரி, கடை சாத்தும் நேரத்தில் ஷட்டர் பாதியில் நின்றுவிட்டால் எப்படியாவது இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் தோன்றும். ஒரே ஒரு தகட்டுப் பட்டை நழுவியதோடு முடிந்திருக்க வேண்டிய பழுது, அந்த அவசரத்தில்தான் புது ஷட்டர் வாங்கும் செலவில் போய் நிற்கிறது.

மறுபடியும் பட்டனை அழுத்துவது

எல்லாரும் செய்வது இது. இதுவே மோசமானதும்கூட. மோட்டார் ஷட்டர் தன் எடையால்தான் கீழே இறங்குகிறது. மோட்டார் மேலே உருளையைச் சுழற்றிவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு பட்டை சேனலில் சிக்கி நின்றுவிட்டால் அது மோட்டாருக்குத் தெரியாது. பல கடைகளில் இருக்கும் சாதாரண மோட்டாருக்குத் தடையை உணரும் வசதியே கிடையாது. நீங்கள் ‘இறக்கு’ பட்டனை அழுத்த அழுத்த, உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். பிரிந்த பட்டைகள் மேலே உள்ள பெட்டிக்குள் தளர்ந்து குவியும். கீழே சிக்கிய இடம் எப்போது விடுபடுகிறதோ, அப்போது குவிந்தது முழுவதும் ஒரே வீச்சில் இறங்கும்.

இரும்புப் பட்டை ஷட்டர் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ இருக்கும். 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 90 கிலோ. அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்தான் அடிபடுவார்.

‘ஏற்று’ பட்டனை அழுத்தினால் வேறு விதமான சேதம். சிக்கிய இடம் விடாது, மோட்டாரும் விடாது. மேல் பட்டைகளை உருளையோடு இணைக்கும் திருகுகள் பிய்யும், பட்டைகள் வளையும், பழைய கடைவீட்டுச் செங்கல் சுவராக இருந்தால் தாங்கியின் போல்ட்டுகளே ஆட்டம் காணும்.

ஆகவே சத்தம் மாறியதும் கையை எடுத்துவிடுங்கள். ஷட்டருக்கான தனி ஐசொலேட்டர் சுவிட்சை அணையுங்கள்; அது இல்லாவிட்டால் மின்விநியோகப் பெட்டியில் அந்த பிரேக்கரை இறக்கிவிட்டு, மேலே டேப் ஒட்டுங்கள். ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது போதாது. இன்னொரு ரிமோட் முதலாளியின் சட்டைப்பையில் இருக்கும்.

முட்டுக் கொடுக்காமல் கை வைப்பது

பாதியில் நிற்கும் ஷட்டரின் அடிச்சட்டத்துக்குக் கீழே, இரண்டு முனைகளிலும் 2×4 மரக்கட்டையை நிமிர்த்தி முட்டுக் கொடுங்கள். சேனலின் உதட்டில் ஜி-கிளாம்ப் மாட்டி அடிச்சட்டத்தை அதன்மேல் உட்கார வைப்பதும் நல்ல வழி. இரு பக்கமும் மாட்ட வேண்டும். கடையில் கைக்குக் கிடைப்பவை பிளாஸ்டிக் முக்காலி, அரிசி மூட்டை, தள்ளுவண்டி. மூன்றுமே ஆகாது: முக்காலி நசுங்கும், மூட்டை அமுங்கும், வண்டி உருளும்.

வெளியே வந்த பக்கத்தை மட்டும் பார்ப்பது

வலப்பக்கம் பட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எல்லாரும் வலப்பக்கச் சேனலையே குடைவார்கள். கோளாறு பெரும்பாலும் இடப்பக்கத்தில் இருக்கும். ஷட்டர் பட்டைகள் சுருட்டிய விளிம்புகளால் ஒன்றோடொன்று கோத்தவை. அவை பக்கவாட்டில் நழுவாமல் இருக்க ஒன்று விட்டு ஒரு பட்டையின் இரு முனைகளிலும் ‘எண்டு லாக்’ என்ற சிறு துண்டு ரிவெட் அடித்திருக்கும். இடப்பக்கத்தில் அந்த ரிவெட் அறுந்தால், பக்கத்துப் பட்டை ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகரும். அந்த முனை சேனலின் அடிவரை போய் முட்டும்போது, வலது முனை சேனலின் வாயைத் தாண்டி வெளியே வந்துவிடும். வெளியே வந்ததை உள்ளே தள்ளிவிட்டு ரிவெட்டை மாற்றாமல் விட்டால், சில நாளில் திரும்பவும் இதே கதை.

சாதாரணக் கடை ஷட்டரில் ஒவ்வொரு பக்கமும் பட்டை 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை சேனலுக்குள் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் 50, மறுபக்கம் 10 என்று இருந்தால் அந்தப் பட்டை நகர்ந்திருக்கிறது.

எண்டு லாக் எல்லாம் சரியாக இருந்தால் அடுத்துச் சேனலைச் சோதியுங்கள். பட்டையின் தடிமனுக்குச் சீவிய ஒரு மரத்துண்டைச் சேனலுக்குள் வைத்துக் கீழிருந்து மேலே நகர்த்துங்கள். எங்கே இறுகுகிறதோ அங்கே சேனல் நசுங்கியிருக்கிறது. எங்கே தாராளமாக ஆடுகிறதோ அங்கே வாய் விரிந்திருக்கிறது. சரக்கு வண்டியும் டிராலியும் இடிக்கும் முழங்கால் உயரத்தில்தான் அநேகமாக இது தெரியும். பிறகு இரண்டு சேனல்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடங்களில் அளவெடுங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தூக்குக்குண்டு விட்டு எது சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

அடிச்சட்டம் கோணலாக நிற்கிறதா என்று தரையிலிருந்து டேப் பிடித்து அளக்க வேண்டாம். கடைகளுக்கு முன்னால் போகும் ஐந்தடிப் பாதையின் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் போட்டது. அளவு பொய் சொல்லும். ரசமட்டத்தை அடிச்சட்டத்தின்மேல் வைத்துப் பாருங்கள்.

சுத்தியலும் ஸ்குரூடிரைவரும்

வெளியே வந்த முனையைச் சுத்தியலால் அடித்தால் சுருள் விளிம்பு நசுங்கிவிடும். அந்தப் பட்டை அடுத்ததோடு மடங்காது. உருளையில் சுற்றும்போது மேடு தட்டி, டக் டக்கென்று சத்தம் போட்டுப் பக்கத்துப் பட்டைகளையும் கெடுக்கும். அதைவிடப் பரவலான குறுக்குவழி, சேனலின் வாயை ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பி, பட்டையை உள்ளே தள்ளி, வாயைத் திரும்பவும் அடித்து மூடுவது. ஒரு முறை வளைந்து நிமிர்ந்த உதட்டுக்குப் பழைய பலம் வராது. யாராவது ஷட்டரில் சாய்ந்தாலே போதும், அதே இடத்தில் பிதுங்கிவிடும்.

சரியான முறை பொறுமை கேட்கும். மின்சாரம் அணைந்திருக்க, நழுவிய பட்டைகளுக்குக் கீழே எதுவும் இறுகிப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டு, கைச்சங்கிலியால் ஷட்டரை அங்குலம் அங்குலமாக மேலே ஏற்றுங்கள். ஒருவர் சங்கிலியில், ஒருவர் நழுவிய முனையருகில், பக்கவாட்டில் நின்றபடி. முட்டுக்கட்டையும் கூடவே உயர வேண்டும். சேனலின் உச்சியில் வாய் சற்று அகன்றிருக்கும்; நழுவிய பட்டை அந்த இடத்தைத் தாண்டியதும் சுதந்திரமாகிவிடும். அங்கே ரப்பர் சுத்தியலை மரத்துண்டின்மேல் தட்டி, பட்டையைப் பக்கவாட்டில் நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். எண்டு லாக்கை அங்கேயே புது ரிவெட் போட்டு முடித்துவிட்டு, முனை சேனலுக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மெல்ல இறக்குங்கள்.

சங்கிலியால் மேலே போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் பலம் போடாதீர்கள். ஒரு பக்கச் சேனலைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டிய வேலை அது. மேலே சுருண்டிருக்கும் பகுதியைப் பட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பிறகே சேனல் போல்ட்டில் கை வைக்கலாம். இதுவரை இந்த வேலையைச் செய்யாதவர் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ஸ்பிரிங்

கையால் தூக்கும் ஷட்டரிலும், நடுமோட்டார் வைத்த ஷட்டரிலும் உருளைக்குள் முறுக்கிய ஸ்பிரிங் இருக்கும். ஷட்டரின் எடையைத் தாங்கும் விசை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. ஷாஃப்டின் முனையைத் தாங்கியோடு பிடித்திருக்கும் யு-கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் ஷாஃப்ட் நொடியில் சுழலும். அதில் மாட்டியிருக்கும் பைப் ரெஞ்ச் கையையோ முகத்தையோ உடைத்துவிடும். ஷட்டர் மேலே இருக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்துதானே இருக்கும் என்று நம்ப வேண்டாம். அப்போதும் முன்முறுக்கு பாக்கியிருக்கும். ஷட்டர் திடீரென்று தூக்க முடியாத அளவுக்குக் கனத்தாலோ, ஒரு பக்கம் மட்டும் தொங்கினாலோ, ஸ்பிரிங் ஒன்று உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒன்றுக்கு மட்டும் காசைப் பார்க்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

எண்ணெய் ஊற்றுவது

சேனலில் கிரீஸ், சமையலெண்ணெய், சாமி விளக்கு எண்ணெய் என்று எதை ஊற்றினாலும் முதல் நாள் வழுக்கிக்கொண்டு போகும். மளிகைக் கடையில் பறக்கும் மாவும் மசாலாத் தூளும் அதில் ஒட்டி, சில வாரத்தில் களிமண்ணாகக் கட்டிவிடும். சேனலை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கோன் ஸ்பிரே மெலிதாக அடித்தால் போதும். துரு விடுவிக்கும் ஸ்பிரேக்கள் இறுகிய போல்ட்டைக் கழற்றத்தான் லாயக்கு. சில நாளில் ஆவியாகிவிடும். தினமும் தரையைக் கழுவும் கடைகளில் சேனலின் அடிப்பாகம் துருப்பிடித்து அரிக்கும். அங்கே ஒட்டுத் தகடு வைப்பதானால் வெளிப்பக்கம் வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் பட்டை போகும் வழி குறுகி, பழைய சிக்கலே திரும்ப வரும்.

பழுது பார்த்தபின் லிமிட்டைச் சோதிக்காமல் விடுவது

பட்டை மாற்றிய பிறகும், ஷட்டரைக் கழற்றி மாட்டிய பிறகும் அது நிற்கும் உயரம், அதாவது லிமிட், மாறிவிடும். கீழ் லிமிட் அதிகமானால், தரையில் முட்டிய பிறகும் உருளை சுற்றி, பட்டைகள் தொப்பை போட்டு நடுவில் பிதுங்கும். மேல் லிமிட் அதிகமானால் அடிச்சட்டமே சேனலின் உச்சியைத் தாண்டி மேலே போய்விடும். இறங்கும்போது ஒரு முனை உள்ளேயும் மறுமுனை வெளியேயுமாக வரும். முதலில் கைச்சங்கிலியால் மூன்று தடவை முழுதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிறகு மின்சாரத்தைப் போட்டு, அடி ரப்பர் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி லிமிட் சுவிட்சை வையுங்கள். இந்தச் சோதனையில் மோட்டார் நடுவில் நின்றுவிட்டால் பதறாதீர்கள். உருளைக்குள்ளேயே பொருத்தும் குழாய் மோட்டார்கள் பொதுவாகத் தொடர்ந்து 4 நிமிடம் ஓடுவதற்கே ஆனவை. சூடேறினால் தானே அணைந்துவிடும். 20 நிமிடம் ஆறவிடுங்கள்.

மோட்டாரின் வயரைத் தொடுவதென்றால் கதையே வேறு. 230 வோல்ட் நிலையான வயரிங்கில் கை வைக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும். ஷட்டர் பழுது பார்க்கும் ஆளுக்கு அந்த உரிமம் தானாக வந்துவிடாது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தடம் விலக நாமே வழி செய்வது

மோட்டார் ஷட்டருக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று அடியில் தாழ்ப்பாள் போட்டு, காலையில் அதை மறந்துவிட்டு ரிமோட்டை அழுத்துவது அடிக்கடி நடக்கிறது. ஒரு பக்கம் பூட்டியிருக்க மறுபக்கம் ஏறும். அடிச்சட்டம் கோணிக்கொண்டு பட்டைகள் வெளியே பாயும். பூட்டு வேண்டுமென்றால், அது போட்டிருக்கும்போது மோட்டார் ஓடாதபடி இணைப்பு சுவிட்சோடு போடச் சொல்லுங்கள். கையால் தூக்குபவர்கள் ஒரு மூலையைப் பிடித்து இழுப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. நடுவில் பிடித்துத் தூக்குங்கள், அல்லது இருவர் இரு பக்கமும் பிடியுங்கள்.

உள்ளே பெட்டிகளை ஷட்டரில் சாய்த்து அடுக்குவது இன்னொன்று. தீபாவளிச் சரக்கு இறங்கும் மாதங்களில் பாருங்கள், எத்தனையோ கடைகளில் ஷட்டர் வெளியே வீங்கியிருக்கும். ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். ஆயுத பூஜைக்கு மாவிலைத் தோரணமும் வாழைக்கன்றும் கட்டும்போது கயிற்றைச் சேனலைச் சுற்றிக் கட்டாதீர்கள். பூஜை முடிந்து இலையைப் பிய்த்துப் போடுவோம், கயிற்றை விட்டுவிடுவோம். அது உள்ளே இழுபட்டுப் பட்டை முனையில் சுற்றிக்கொள்ளும்.

கடைத்தொகுதியிலோ கார் நிறுத்துமிடத்திலோ இருக்கும் தீத்தடுப்பு ஷட்டருக்கு மேலே சொன்ன எதையும் செய்து பார்க்க வேண்டாம். நெருப்பு வந்தால் தானே இறங்க வேண்டிய கதவு அது; தகுதி பெற்ற நிறுவனம்தான் தொட வேண்டும். கட்டட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள்.

பழுது பார்க்க ஆளைக் கூப்பிட்டால், விலையில் என்னென்ன அடக்கம் என்று கேளுங்கள். இரு பக்க எண்டு லாக்கும் சேர்த்தா, சேனல் நிமிர்த்துவதும் உண்டா, லிமிட் சரிசெய்து கொடுப்பார்களா, எத்தனை பட்டை மாற்றுகிறார்கள்? மாற்றும் பட்டை பழையதன் அகலம், தடிமன், சுருள் வடிவம் மூன்றிலும் பொருந்த வேண்டும். இரும்பு ஷட்டரின் நடுவே அலுமினியப் பட்டையைச் செருக ஒப்புக்கொள்ளாதீர்கள். கோப்பு சரியாக உட்காராது, ஈரத்தில் சீக்கிரம் அரித்தும் போகும். உங்கள் ஷட்டரின் வடிவம் பழையது, இப்போது கிடைப்பது கடினம் என்று சொன்னால், ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு பட்டைகளைக் கூடுதலாக வாங்கிக் கடைக்குள் படுக்கை வசத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.