குவாண்டம் டாட் படலம் ஒளியைப் பெருக்குகிறதா? சோதிக்கும் முறை

குவாண்டம் டாட் என்பது சில நானோமீட்டர் அளவேயுள்ள குறைக்கடத்திப் புள்ளி. அதன் கரைசல் உள்ள குப்பியில் புற ஊதா டார்ச் அடித்ததும் சிவப்பாகத் தகதகக்கும். அதை மட்டும் வைத்து லேசருக்கு ஆகும் என்று முடிவுகட்டாதீர்கள். காட்மியம் செலினைடு புள்ளியில், ஒளி பட்டு எலெக்ட்ரான் ஏறும் ஆற்றல் படிகளுள் அடிப்படியில் இரண்டு எலெக்ட்ரானுக்கு இடம் உண்டு. ஒன்று மட்டும் ஏறியிருந்தால், வரும் ஒளியை விழுங்குவதும் பெருக்குவதும் சரிக்குச் சரி. புள்ளிக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேல் ஏற வேண்டும். ஆனால் இரண்டாகிவிட்டால், ஒன்றின் ஆற்றலை மற்றது ஒளியாக விடாமல் பறித்துக்கொள்ளும். அதுதான் ஆஜே இழப்பு. சில பத்து முதல் சில நூறு பிக்கோசெகண்டில் (ஒரு பிக்கோசெகண்ட், நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) முடிந்துவிடும். அதற்குள் எலெக்ட்ரான்களை ஏற்றியாக வேண்டும். அதனால் நான் பிக்கோசெகண்டையும் விடக் குறுகிய துடிப்பு தரும் 800 நானோமீட்டர் ஃபெம்டோசெகண்ட் லேசரின் அதிர்வெண்ணை இரட்டித்து, 400 நானோமீட்டர் ஒளியால் பம்ப் செய்கிறேன், அதாவது புள்ளிகளுக்கு ஆற்றல் ஏற்றுகிறேன்.

புள்ளிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தால்தான் பெருக்கம் ஆஜே இழப்பை முந்தும். 2000-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம், எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழுவினர் பெருக்கத்தைக் காட்டியதும் அப்படிப்பட்ட படலத்தில்தான். புள்ளிகளைத் தயாரித்தபோது மிஞ்சிய ஒலெயிக் அமிலம் போக, எத்தனால் விட்டுப் படியவைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, டொலுயீனில் கரையுங்கள். நான் இரண்டு முறையோடு நிறுத்துவேன். ஒருமுறை ஆசைப்பட்டு நான்காவது முறையும் கழுவினேன். கரைசல் கலங்கி, ஒளிர்வும் மங்கிப்போனது. ஸ்பின் கோட்டிங்குக்கு (வேகமாகச் சுழலும் கண்ணாடித் தகட்டில் கரைசலை விட்டுப் படலமாகப் பரப்புவது) முன் 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டாவிட்டால், ஒவ்வொரு தூசியிலிருந்தும் வால்நட்சத்திரம்போல் ஒரு கீறல் ஓடும். படலம் சில நூறு நானோமீட்டர் தடிமன் இருக்கட்டும். ஒளி அதற்குள்ளேயே ஓட வேண்டுமே. காட்மியம் நச்சு; கையுறை மறவாதீர்கள்.

எல்லோரும் சறுக்குவது ஓரத்தில். ஸ்பின் கோட்டிங் விளிம்பில் தடித்த வரப்பை விட்டுவிடும். பூசிய பிறகு கண்ணாடியின் பின்பக்கம் வைர ஊசியால் கோடு கிழித்து, பட்டென்று உடையுங்கள். உருளை லென்ஸால் பம்ப் ஒளியைக் கோடாக்கி, அதன் நுனி இந்தப் புது விளிம்பைத் தொடும்படி வையுங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டர் ஃபைபர் விளிம்பை நேராகப் பார்க்கட்டும். லேசர் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் குனிந்து பார்க்கவே கூடாது.

இனி பம்ப் ஆற்றலைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறமாலையைப் பதியுங்கள். முதலில் சுமார் 30 நானோமீட்டர் அகலத்தில் ஒரு மேடு. ஒரு கட்டத்தில் அதன் சிவப்புப் பக்கத் தோளில் மெல்லிய கூர்முனை முளைக்கும். அடுத்தடுத்த படியில் மேட்டையே விழுங்கிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கணத்தில் எனக்கு மூச்சு நிற்கும்.

உடனே கொண்டாடாமல், பம்ப் செறிவை மாற்றாமல் கோட்டின் நீளத்தை மட்டும் குறையுங்கள். சாதாரண ஒளிர்வு நீளத்துக்கு நேர்விகிதமாகக் குறையும். பெருக்கம் உண்மையென்றால் கூர்முனை மளமளவென்று சரிந்து மறையும். அப்போதும் நோட்டில் 'லேசர்' என்று எழுதாதீர்கள்; ஒளியைத் திருப்பி ஊட்டும் கிரேட்டிங்கோ வேறு ரெசனேட்டரோ இன்னும் வைக்கவில்லை.