பெரிய வெப்ஸ்பியர் செல்லில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சிறுசேரி அலுவலகத்தில் இரவு ஷிஃப்ட். டீமில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், ஒரு வெப்ஸ்பியர் செல்லில் (வெப்ஸ்பியர் என்பது ஐபிஎம்மின் ஜாவா அப்ளிகேஷன் சர்வர், செல் என்பது ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப்படும் சர்வர்களின் தொகுப்பு) 20 நோடுகளில், அதாவது சர்வர்கள் ஓடும் மெஷின்களில், பரவியிருக்கும் 140 சர்வர்களின் ஹீப் (ஜாவா பயன்படுத்தும் நினைவகம்) அளவை மாற்றும் வேலையை எடுத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் போய்க் கேட்டால், "லூப் போட்டாச்சு அண்ணா, ஓடிக்கிட்டிருக்கு" என்றார்கள். திரையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2011இல் நான் எழுதிய அதே லூப்.

பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதாதே, முதலில் டெஸ்டில் ஓட்டிப் பார் என்பதையெல்லாம் உங்கள் லீட் சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சர்வருக்கு ஒரு தடவை டபிள்யூஎஸ்அட்மின்

ஷெல்லில் ஒரு லூப் எழுதி, அதற்குள் ஒவ்வொரு சர்வருக்கும் டபிள்யூஎஸ்அட்மினை (வெப்ஸ்பியரைக் கட்டளைகளால் நிர்வகிக்கும் கருவி) கூப்பிடுவது. பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒரு ஜாவா எழும்பி, செல் முழுவதையும் நிர்வகிக்கும் டெப்ளாய்மென்ட் மேனேஜருடன் இணைந்து, லாகின் செய்து, ஒரே ஒரு மதிப்பை மாற்றி, சேவ் பண்ணி, எல்லா நோடுகளையும் சிங்க் பண்ணிவிட்டு (மாற்றத்தை நோடுகளுக்கு அனுப்பிவிட்டு) மூடும். உண்மையான வேலை ஒரு நொடிகூட இருக்காது, மற்றதெல்லாம் சடங்கு. சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 140 சர்வருக்கு மூன்றரை மணி நேரம், நமக்குக் கிடைத்த மெயின்டனன்ஸ் நேரமோ மூன்று மணி. சிங்க் கணக்கைத் தனியாகப் பாருங்கள்: 140 சுற்று, ஒவ்வொன்றிலும் 20 நோடு, மொத்தம் 2,800. தேவை வெறும் 20.

நேரம் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். 2011இல் நான் மாற்றியது டேட்டாபேஸ் முகவரி. ஐம்பதாவது சர்வரைத் தாண்டி லூப் ஏதோ ஒரு பிழையில் செத்துப்போனது, அதுவரை ஆனதெல்லாம் ஏற்கெனவே சேவ் ஆகி நோடுகளுக்குப் போய்விட்டது. காலையில் வங்கிக் கவுன்டரில் இருந்தவர்கள் ஒரு தடவை திறந்தால் கணக்கு வந்தது, அடுத்த தடவை பிழை வந்தது. வரிசையில் நின்ற பெரியவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (அந்த டேட்டாசோர்ஸை, அதாவது டேட்டாபேஸ் இணைப்பு அமைப்பை, சர்வர் மட்டத்தில் வைத்ததே தப்பு. ஒரே வேலையைப் பகிரும் சர்வர் குழுவான கிளஸ்டர் மட்டத்தில் இருந்திருந்தால் சில மாற்றங்களோடு முடிந்திருக்கும்.)

ஒரே ஜைத்தான் (ஜாவாவில் ஓடும் பைத்தான்) ஸ்கிரிப்ட், ஒரே செஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் பட்டியலைக் கோப்பிலிருந்து படித்து, லூப்பை ஸ்கிரிப்டுக்குள்ளேயே ஓட்டி, மாற்றமெல்லாம் முடிந்த பிறகு ஒரே சேவ், அப்புறம் நோடுக்கு ஒரு சிங்க். நடுவில் பிழை வந்தால் சேவ் பண்ணாமல் வெளியேறலாம், செல்லில் ஒன்றுமே மாறியிருக்காது. செல் மிகப் பெரியது என்றால் கிளஸ்டருக்கு ஒரு சேவ் என்று பிரித்துக்கொள்ளுங்கள், அப்போதும் ஒரு கிளஸ்டருக்குள் பாதி பழசு பாதி புதுசு என்ற நிலை வராது. டபிள்யூஎஸ்அட்மினின் ஹீப் வழக்கமாக 256 எம்பிதான், பெரிய செஷனுக்கு அதை முதலிலேயே கூட்டிவிடுங்கள்.

இதில் எனக்கு இன்றும் கோபம் வருவது, லூப் மெதுவாக ஓடுவதைப் பார்த்துவிட்டு டெப்ளாய்மென்ட் மேனேஜருக்கு இன்னும் இரண்டு சிபியு கேட்டு டிக்கெட் போடுகிறார்களே, அதற்குத்தான். மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எல்லாவற்றையும் பட்டியலிட்டுத் தேடுவது

ஒரு சர்வரின் அமைப்பு வேண்டும் என்று செல்லில் உள்ள எல்லா சர்வர்களையும் பட்டியல் எடுத்து, அதில் பெயரைத் தேடாதீர்கள். செல், நோட், சர்வர் என்று முழுப் பாதையையும் கொடுத்துக் கேட்டால் அந்த ஒன்று மட்டும் வரும். ஓடிக்கொண்டிருக்கும் எம்பீனை (ஓடும் சர்வரைக் கட்டுப்படுத்த உதவும் ஜாவா பொருள்) தேடும்போதும் நோட் பெயரையும் பிராசஸ் பெயரையும் கொடுங்கள், இல்லையென்றால் கேள்வி செல் முழுக்கச் சுற்றிவிட்டு வரும்.

டைம்அவுட் வந்ததும் மறுபடி ஓட்டுவது

சோப் இணைப்பில் (டபிள்யூஎஸ்அட்மின் மேனேஜரோடு பேசும் வழி) காத்திருக்கும் நேரம் வழக்கமாக 180 நொடி. அது தாண்டினால் உங்கள் பக்கம்தான் கைவிடுகிறது, மேனேஜர் பக்கம் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். பெரிய அப்ளிகேஷனை இன்ஸ்டால் பண்ணும்போது இது அடிக்கடி நடக்கும். முதலில் லாகைப் பாருங்கள். நீண்ட வேலைக்கு முன்பே சோப் கிளையன்ட் கோப்பில் அந்த எண்ணைக் கூட்டிவைப்பது நல்லது.

ஆட்டோ சிங்கை மறந்துவிடுவது

ஒவ்வொரு நோடிலும் இருக்கும் நோட் ஏஜென்ட் வழக்கமாக நிமிடத்துக்கு ஒரு முறை மேனேஜரிடம் போய்ப் புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்கும். 20 நோடு என்றால் 20 பேர். பெரிய மாற்றம் நடக்கும்போது அதை நிறுத்திவைத்து, முடிந்ததும் நீங்களே சிங்க் கொடுங்கள். மறுபடி ஆன் செய்வதையும் மாற்றத் திட்டத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

பேக்கப்

அமைப்புக் கோப்புகளைப் பேக்கப் எடுக்கும் பேக்கப்கான்ஃபிக் கட்டளையை 'நோஸ்டாப்' சேர்க்காமல் கொடுத்தால், அந்த நோடில் ஓடும் சர்வர்களையெல்லாம் நிறுத்திவிட்டுத்தான் பேக்கப் எடுக்கும்.

மேனேஜரை ரீஸ்டார்ட் பண்ணப் பயப்படுவது

மேனேஜர் நின்றாலும் அப்ளிகேஷன் சர்வர்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.