வீட்டுக் கணினி வாங்குகையில் காசைக் கரியாக்கும் தவறுகள்

நெல்லைப் பக்கம் முக்கூடலில் பீடி சுற்றும் தாய் ஒருவர், கணினி அறிவியல் எடுத்துப் படிக்கும் மகளுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு பழைய கணினியை வாங்கினார். வாங்கிய மாதத்திலேயே அது திணறத் தொடங்கியதால், கணினி பழுது பார்க்கும் என்னை அழைத்தார். "ஐ5 மெஷினு, இனி கவலையே இல்லைன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க அண்ணாச்சி" என்றார். பொத்தானை அழுத்திய பிறகு திரை வேலைக்கு வருவதற்கு நான்கு நிமிடத்துக்கும் மேலாயிற்று. பெட்டியைத் திறந்தபோது உள்ளே 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ5-2400 செயலியும் (கணினியின் மூளை), 4 ஜிபி ராமும் (நடக்கும் வேலைக்கான தற்காலிக நினைவகம்), தேய்ந்துபோன ஒரு ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. ஐ5 என்று சொன்னதில் பொய் இல்லை. எந்த ஐ5 என்பதைத்தான் அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிச் சேர்த்த பணம் அப்படிப் போனதைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் நிறுவனச் செயலிகளின் தரவரிசையைக் குறிக்கும் பெயர்கள். அவை வயதைச் சொல்வதில்லை. வயதை அறிய, கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ5-2400 என்பதில் முதலில் நிற்கும் 2 அது இரண்டாம் தலைமுறை என்பதையும், ஐ5-8500 என்பதில் நிற்கும் 8 அது எட்டாம் தலைமுறை என்பதையும், ஐ3-12100 என்பதில் நிற்கும் 12 அது பன்னிரண்டாம் தலைமுறை என்பதையும் காட்டுகின்றன. 2022-இல் வந்த அந்த ஐ3, 2011-இன் ஐ5-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வேலை செய்யக் கூடியது. ஆகவே "ஐ5 இருக்கிறதா?" என்று கேட்டுக் கடைக்குள் நுழைவதே முதல் தவறு, செயலியின் முழு எண்ணையும் தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதே சரி.

பழைய கணினி வாங்குவோர் இந்த எண்ணைப் பார்ப்பதற்கு மற்றொரு வலுவான காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை, மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் இன்டெல் செயலிகளின் பட்டியலோ, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் செயலி வகையில் பெரும்பாலும் 2000 வரிசையிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய பெட்டிகளிலும் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றிவிட முடியும், அப்படி ஏற்றி விற்பதும் நடக்கிறது. வங்கிக் கணக்கையும் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தையும் திறக்கப் போகும் கணினியில் அத்தகைய ஒட்டு வேலை கூடாது. அலுவலகங்களில் ஓடிவிட்டு விற்பனைக்கு வரும் ஆப்டிபிளெக்ஸ், திங்க்சென்டர் போன்ற பெட்டிகள் நல்ல உழைப்பாளிகள். எட்டாம் தலைமுறையாக இருந்தால் அவற்றைத் தயங்காமல் வாங்கலாம். கடையிலேயே இயக்கச் சொல்லி, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்ற பக்கத்தைத் திறந்தால் செயலியின் பெயர், எண், ராமின் அளவு மூன்றும் கண்ணெதிரே தெரிந்துவிடும்.

"பழசே வேண்டாம், புதுசாக வாங்கிவிடுவோம்" என்று போகிறவர்களும் தப்புவதில்லை. இருப்பதிலேயே விலை குறைந்த புதிய லேப்டாப்களில் பல ஆண்டுகளாகச் செலரான் என்4020 போன்ற இரண்டே கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்) கொண்ட செயலிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு வகுப்புக் காணொளியையும் நான்கு இணையப் பக்கங்களையும் சேர்த்துத் திறந்தாலே அவை மூச்சு வாங்கும். நான்கு கோர்கள் கொண்ட இன்டெல் என்100-ஐ வீட்டுக் கணக்குக்கும் பள்ளிப் பாடத்துக்கும் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

அடுத்தது சேமிப்பகம். ஒரு குடும்பம் அன்றாடம் உணரும் வேகம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பதால், விலையைக் குறைக்க எதை வெட்டினாலும் இதை வெட்டக் கூடாது. 1 டிபி என்ற சொல்லுக்கு மயங்கி ஹார்டு டிஸ்க் பெட்டியை வாங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். ஹார்டு டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு சுழல, அதன் மேல் ஒரு முனை அங்குமிங்கும் நகர்ந்து தேடித்தான் எதையும் எடுத்துத் தர வேண்டும். சிறு சிறு கோப்புகளை ஆயிரக்கணக்கில் கேட்கும் விண்டோஸிடம் அந்த முனை அலைந்தே களைத்துப்போகிறது. சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்ற மாற்று வகையில் நகரும் பாகமே இல்லை. நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 எம்பி வரை படிக்கும் ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் சாட்டா வகை எஸ்எஸ்டி 500 எம்பி வரை படிக்கிறது. என்விஎம்இ வகை அதையும் பல மடங்கு தாண்டுகிறது. மாணவர் இருக்கும் வீட்டுக்கு 256 ஜிபி போதும், 512 இருந்தால் நிம்மதி. விலை மலிந்த சில லேப்டாப்களில் எஸ்எஸ்டி என்ற பேச்சில் இஎம்எம்சி என்னும் மெதுவான வகையை, பாகங்கள் எல்லாம் இணையும் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். பின்னால் மாற்றவும் முடியாது. முக்கூடல் பெண்ணின் கணினியிலும் முதலில் நான் மாற்றியது சேமிப்பகத்தைத்தான். ஒரு எஸ்எஸ்டியும் கூடுதலாக ஒரு 4 ஜிபி ராமும் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிய பிறகு, அதே பெட்டி அரை நிமிடத்தில் வேலைக்கு வந்தது.

ராம் இன்று 8 ஜிபிக்குக் கீழ் வேண்டாம். லேப்டாப்பாக இருந்தால், ராமைக் கூட்டுவதற்குக் காலி இடம் இருக்கிறதா, இல்லை பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என்று கேட்டுவிட வேண்டும்.

திரையைப் பற்றி ஒரே ஒரு சொல். செயலிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு மங்கிய பழைய திரையைப் பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால் வைப்பது பெருந்தவறு. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஐபிஎஸ் வகைத் திரையில் தமிழ் எழுத்துகளின் புள்ளியும் கொம்பும் பிசிறில்லாமல் தெரியும்.

மேசைக் கணினியா, லேப்டாப்பா என்ற கேள்விக்கு, பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் பட்டாலையில் (கூடத்தில்) எல்லாரும் பார்க்கும்படி வைக்கும் மேசைக் கணினிதான் நல்லது என்பேன். கழுத்துக்கு நல்லது, பழுது பார்க்க எளிது, ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு லேப்டாப்பைத் தவிர வழியில்லை. மின்கட்டணக் கணக்கையும் பார்த்துக்கொள்ளலாம். 80 வாட் இழுக்கும் மேசைக் கணினி நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட் ஆகும். 20 வாட் லேப்டாப்புக்கு 6 யூனிட்தான். நூறு யூனிட் இலவசத்தை ஒட்டி வாழும் வீட்டுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

மேசைக் கணினி வாங்குவோர் அதிகம் ஏமாறுவது, கண்ணில் படாத எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியில். அசெம்பிள் செய்த பெட்டிகளில் கேபினட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ், மேலே 450 வாட் என்று எழுதியிருந்தாலும் அந்தச் சுமையைத் தாங்கும் என்று நம்ப முடியாது. அது எரியும்போது தாய்ப்பலகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகையில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இடியும் மழையுமாக மின்சாரம் விட்டு விட்டு வருவதை அறியாதவர் இல்லை. பெயருள்ள நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ், மின்சாரம் போனாலும் சிறிது நேரம் கணினியைத் தாங்கும் 600 விஏ யுபிஎஸ், சரியான எர்த் இணைப்பு மூன்றையும் முதல் நாளே பட்டியலில் சேர்க்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் நிலை என்ற தேர்வு உண்டா என்று பார்க்கலாம். சாதாரண நிலையில் அது மாறும் இடைவெளியிலேயே கணினி அணைந்துவிடக் கூடும். இடி மின்னலின்போது மின்செருகியோடு இணைய மோடத்துக்கு வரும் கம்பியையும் கழற்றி வைப்பது அவசியம்.

மென்பொருளுக்கென்று தனியாகக் கொட்டிக் கொடுக்கவும் வேண்டாம். "எல்லாம் போட்டுத் தருகிறோம்" என்று கடையில் இலவசமாக ஏற்றும் திருட்டு விண்டோஸையும் ஆபீஸையும் ஏற்கவும் வேண்டாம். அப்படி உடைக்கப்பட்ட மென்பொருளோடு வேவு நிரலும் சேர்ந்து வரலாம். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலுக்கு வேண்டிய பைத்தான் நிரல்மொழி இலவசம். எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸும் இலவசம். தமிழில் தட்டச்சு செய்ய, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இன்றைய விண்டோஸிலேயே இருக்கிறது. பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

ரசீது இல்லாமல் வாங்குவது, அந்த 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும். பாகம் பழுதான நாளில்தான் அதன் உண்மை விலை தெரியும். ஒவ்வொரு பாகத்தின் பெயரும் வரிசை எண்ணும் உத்தரவாதக் காலமும் ரசீதில் இருக்க வேண்டும்; செயலிக்கும் தாய்ப்பலகைக்கும் எஸ்எஸ்டிக்கும் தனித்தனி உத்தரவாதம் உண்டு. நிறுவனத்தின் சேவை மையம் பாளையங்கோட்டையிலோ நெல்லை ஜங்ஷன் பக்கமோ இருக்கிறதா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா, ஆள் வீட்டுக்கு வருவாரா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். திசையன்விளையிலிருந்து ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை மதுரை போய்வந்தால், மலிவாக வாங்கிய மிச்சம் பேருந்துச் செலவிலும் விடுப்பு நாள் கூலியிலும் போய்விடும்.

கடைசியாக, வாங்கிய பின் நடக்கும் தவறு ஒன்று. இங்கே பெரும்பாலான வீடுகளில் சிபியு பெட்டியைத் தரையில்தான் வைக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷனுக்கும் சிந்துபூந்துறைக்கும் உள்ளே வந்தது. அந்த வாரம் சேற்று நீர் வடியும் பெட்டிகளைச் சுமந்து வந்தவர்கள் புதுக் கணினி கேட்டு வரவில்லை. கல்யாணப் புகைப்படத்தையும் இறந்துபோன தகப்பனாரின் குரல் பதிவையும் மீட்டுத் தர முடியுமா என்றுதான் கேட்டார்கள். சிலருக்கு முடிந்தது, பலருக்கு முடியவில்லை. ஆகையால் கணினி வாங்கும் பணத்திலேயே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்குக்கும் ஒதுக்கி, மாதம் ஒருமுறை முக்கியமானவற்றை அதில் படியெடுத்து, பரண் போன்ற உயரமான, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். சிபியு பெட்டியையும் மேசையின் மேல் ஏற்றிவிடுங்கள்.