குழந்தையின் தலையில் பொருக்கு: அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

என் மகளுக்கு அப்போது 5 வாரம். பால் குடித்தபடியே மடியில் தூங்கிப்போயிருந்தாள். உச்சியில் காய்ந்த பாலாடை மாதிரி மஞ்சளாகப் படிந்திருந்த பொருக்கு ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் நெம்பினேன். சுலபமாக வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் பக்கத்தில் இருந்ததையும் எடுத்தேன். மூன்றாவதை இழுத்தபோது அடியில் சிவந்த ஈரத்தோல் தெரிந்தது. ஊசிமுனை அளவு ரத்தம் துளிர்த்தது. அவள் விழிக்கக்கூட இல்லை. எனக்குத்தான் கை நடுங்கிவிட்டது.

அதனால்தான் "பாப்பா தலையில் பக்கு கட்டியிருக்கு, என்ன பண்றது?" என்று யார் கேட்டாலும், என்னென்ன பண்ணக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இதை ஆங்கிலத்தில் கிரேடில் கேப் என்பார்கள். பெரும்பாலும் பிறந்து 2, 3 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள் தலைகாட்டும். கருவில் இருந்தபோது தாயிடமிருந்து வந்த ஹார்மோன்கள் பிறந்த பிறகும் கொஞ்ச காலம் குழந்தையின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிக்கொண்டிருக்கும் என்பதுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். சுரந்த பிசுக்கில், நம் எல்லார் தோலிலும் வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை, பெருகுகிறது. தானாக உதிர வேண்டிய தோல் பிசுக்கோடு ஒட்டி அடுக்கடுக்காகத் தங்கிவிடுகிறது. தலையில் மட்டும் என்றில்லை. புருவத்தில், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பிலும் வரும். இது தொற்றாது. அவ்வளவாக அரிக்கவும் செய்யாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளுக்குள் தானாகவே போய்விடும்.

ஆகவே, பெற்றவளைக் குற்றம் சொல்வது முதல் தவறு. "சரியாத் தலைக்கு ஊத்தலை", "அவ மீன் சாப்பிட்டா, அதான் பால்ல இறங்கிடுச்சு" என்று வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொன்று சொல்வார்கள். பிரசவித்த உடம்பு தேறுவதற்குச் சாப்பிட வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு ரசஞ்சோறோடு இருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கொதிக்கும். இந்தப் பொருக்குக்காகத் தாய் பத்தியம் இருக்கத் தேவையே இல்லை.

நகத்தால் பிய்ப்பது, பேன் சீப்பால் வறட்டு வறட்டென்று வாருவது, துண்டால் அழுத்தித் தேய்ப்பது எல்லாமே ஒன்றுதான். காய்ந்த பொருக்கு அடித்தோலையும் முடியையும் பற்றிக்கொண்டிருக்கும். இழுத்தால் புண்ணாகும், புண் வழியாகக் கிருமி போகும். ஊறித் தானாகக் கழன்று வருவதை மட்டும் எடுத்தால் போதும். அதோடு நாலு முடி சேர்ந்து வந்தாலும் பதற வேண்டாம், திரும்ப முளைத்துவிடும்.

எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் எண்ணெய் வைக்காத குழந்தைத் தலை கிடையாது. எண்ணெய் பொருக்கை இளக்கும், அது உண்மை. ஆனால் ராத்திரி தலை நிறைய வைத்து மறுநாள் வெறும் தண்ணீரில் அலசி, திரும்பவும் எண்ணெய் வைத்தால், அந்தப் பிசுக்கு அத்தனையும் அங்கேயே தங்குகிறது. மலசீசியாவுக்குக் கொழுப்புதான் தீனி. ஆலிவ் எண்ணெய் உசத்தி என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வாங்கி வருவார்கள். அதில் நிறைய இருக்கும் ஒலியிக் அமிலம் தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்தக்கூடியது. கடுகெண்ணெய் எரிச்சல் தரும். கடலை எண்ணெய் ஒவ்வாமைக்கு வழி விடலாம். பெட்ரோலியம் ஜெல்லியோ, மினரல் ஆயிலில் செய்த பேபி ஆயிலோ இதற்குப் பொருத்தம்; அவை அந்த ஈஸ்டுக்குத் தீனியாவதில்லை. தேங்காய் எண்ணெய்தான் வைப்போம் என்றால் வையுங்கள், ஆனால் அன்றே ஷாம்பூ போட்டு முழுக்க எடுத்துவிடுங்கள்.

குளிப்பாட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பு பொருக்கின் மேல் மட்டும் மெல்லத் தடவி ஊற விடுங்கள். விரலின் சதைப்பகுதியாலோ குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ்ஷாலோ வட்டமாக, அழுத்தாமல் தேயுங்கள். பிறகு குழந்தைகளுக்கான மைல்டு ஷாம்பூ. பிசுக்கு போகவில்லை என்றால் இன்னொரு முறை. நன்றாக அலசி, ஒற்றி எடுங்கள். பொருக்கு இருக்கும்வரை தினம் ஒரு தடவை செய்யலாம். ஒரே நாளில் தலை பளிச்சென்று ஆகிவிடாது, ஆகவும் வேண்டாம்.

உச்சிக்குழியைத் தொடப் பயந்து சுற்றிலும் மட்டும் கழுவுகிற வீடுகளும் உண்டு. பொருக்கு தடித்துப்போவது அங்கேதான். அந்தக் குழியின் மேல் உறுதியான சவ்வு இருக்கிறது. மென்மையாகக் கை வைத்துத் தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது.

எலுமிச்சைச் சாறு, புளித்த தயிர், வெங்காயச் சாறு எதுவும் வேண்டாம். பெரியவர் தலையே எரியும். சீயக்காய் கண்ணில் பட்டால் குழந்தை துடித்துவிடும். தலை காயட்டும் என்று சாம்பிராணிப் புகை காட்டுவதையும் விட்டுவிடுங்கள். அந்தச் சின்ன நுரையீரலுக்கு எந்தப் புகையும் நல்லதில்லை.

எனக்கு அதிகம் பயம் தருவது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ட்யூப். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த க்ரீம்கள் சீட்டு இல்லாமலே கிடைக்கின்றன. இரண்டு நாளில் தோல் சுத்தமாகத் தெரியும்; அதனால் நிறுத்த மனசு வராது. பச்சைக் குழந்தையின் தோல் மெல்லியது, உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பும் அதிகம். தடவும் மருந்து பெரியவர்களைவிட அதிகமாக உடம்புக்குள் போகும். பெரியவர்களின் பொடுகு ஷாம்பூவும் அப்படித்தான், குறிப்பாகச் சாலிசிலிக் அமிலம் சேர்ந்தவை. தேவைப்பட்டால் கீட்டோகோனசோல் ஷாம்பூவோ, வீரியம் குறைந்த ஸ்டீராய்டோ எத்தனை நாளைக்கு என்று குழந்தை மருத்துவரே எழுதிக் கொடுப்பார்.

தானாகப் போய்விடும் என்று சும்மா இருக்கக் கூடாத நேரமும் உண்டு. தோல் சிவந்து வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, வாடை அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தை ஓயாமல் தலையைத் தேய்த்துக்கொண்டு தூங்காமல் அழுதால் அது எக்ஸிமா என்கிற அரிப்புத் தோல் நோயாக இருக்கலாம். வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையா என்று பார்க்க வேண்டும். உடம்பெங்கும் பரவி, கூடவே வயிற்றுப்போக்கும் இருந்து, எடையும் ஏறவில்லை என்றால் கட்டாயம் பரிசோதனை தேவை.

மொட்டை அடித்தால் எல்லாம் போய்விடும் என்று, மொட்டை போடும் நாளையே முன்னால் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். முடி போகும், பொருக்கு தோலில்தானே இருக்கிறது? மேடு பள்ளமான அந்தத் தோலில் கத்தி ஓடினால் வெட்டுப்படும். குலதெய்வக் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றால், சில நாள் முன்பிருந்தே ஊற வைத்துக் கழுவி வாருங்கள். மொட்டை அடிப்பவரிடம் பொருக்கு இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டி, புது பிளேடு போடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஒட்ட மழிக்காமல் கொஞ்சம் முடி இருந்தாலும் பரவாயில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.